தென் இத்தாலியைக் காரில் சுற்றுவது: பாரி, மத்தேரா, லெச்சே, வழியில் சாப்பிட்டதெல்லாம்

செங்காந்தள் எழுதியது:

இத்தாலிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் என்று ரயிலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் கணவன் மனைவி இரண்டு பேர், நிதானமாக ஊர் ஊராகப் போக வேண்டும், நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றால் நான் சொல்வது இதுதான்: தெற்கே போங்கள், பாரியில் இறங்கிக் கார் எடுங்கள், மதியச் சாப்பாடு எங்கே என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் வையுங்கள். நானும் இவரும் மார்ச் மாதம் அப்படித்தான் போனோம். புல்யா மாநிலம், நடுவில் பக்கத்து மாநிலமான பசிலிகாத்தாவுக்குள் நுழைந்து மத்தேரா, கடைசியில் லெச்சே.

இவர் சைவம், பால், சீஸ், முட்டை உண்டு. நான் எல்லாம் சாப்பிடுவேன். வண்டி பெரும்பாலும் நான்தான் ஓட்டினேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே மேஜையில் உட்கார்ந்து இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம். இவருக்கு மட்டும் ஒரு தட்டு இலைதழையைக் கொடுத்து ஒப்பேற்றிய இடம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பக்கத்துச் சமையலே கோதுமை, பருப்பு வகை, கீரை, ஆலிவ் எண்ணெய் இவற்றில் பிறந்தது. இறைச்சி வாங்க வசதியில்லாத குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சமைத்தது, அதனால் காய்கறியை எப்படி ருசியாக்குவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பாரியிலிருந்து தொடங்குகிறேன். பழைய ஊருக்குள் ஆர்க்கோ பாஸ்ஸோ என்று ஒரு சந்து இருக்கிறது. வீட்டு வாசலில் மேஜை போட்டுப் பெண்கள் ஒரெக்கியெத்தே என்ற பாஸ்தா செய்வார்கள். டூரம் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும், முட்டை கிடையாது. மாவை விரல் பருமனுக்குத் திரியாக உருட்டி, மொட்டைக் கத்தியால் ஒரு சின்னத் துண்டு வெட்டி, அதே கத்தியால் பலகைமேல் அழுத்தித் தன் பக்கம் இழுப்பார். துண்டு சுருண்டு வரும், உடனே கட்டைவிரல் நுனியில் கவிழ்த்து எடுப்பார். குழிவாகவும் வெளிப்பக்கம் சொரசொரப்பாகவும் வரும். அந்தச் சொரசொரப்பில்தான் எண்ணெயும் கீரையும் ஒட்டும். எங்களோடு பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே ஒரு தட்டு நிரப்பினார் ஒரு அம்மா. அந்தச் சந்தில் வாங்க விரும்புகிறவர்கள், கண் முன்னால் மாவு பிசைந்து செய்கிற வீட்டில் வாங்குங்கள்.

அதைச் சீமெ தி ராப்பா என்ற கீரையோடு செய்வார்கள். இலையும் மொட்டுமாகச் சேர்த்து வேக வைக்கிற, கொஞ்சம் கசக்கிற கீரை. குளிர்காலத்துக்கானது, மார்ச்சோடு முடிந்துவிடும். சைவக்காரர்கள் இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தாளிக்கும்போது எண்ணெயில் நெத்திலியைக் கரைய விடுவார்கள். தட்டில் கண்ணுக்கே தெரியாது. ‘சென்ஸா அச்சூகே’ என்று சொன்னால் போதும், நெத்திலி போடாமல் பூண்டும் மிளகாயும் கூடுதலாகப் போட்டுக் கொண்டு வருவார்கள்.

பாரியில் இன்னொன்று, காரம் வேண்டும் என்று ஏங்குகிறவர்களுக்கு: ஸ்பகெத்தி அல்லஸ்ஸஸ்ஸீனா. ஸ்பகெத்தியைத் தண்ணீரில் வேக வைக்க மாட்டார்கள். இரும்புச் சட்டியில் எண்ணெய், பூண்டு, மிளகாய், தக்காளி போட்டு, பச்சை ஸ்பகெத்தியை அப்படியே அதில் கிடத்தி, தக்காளிச் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, அடிப்பிடித்துக் கருக விடுவார்கள். கருகிய ஓரம்தான் அதன் ருசியே. முழுக்க சைவம். இவர் அடுத்த நாளும் அதையே கேட்டார்.

மத்தேராவும், போகிற வழியில் வரும் அல்தமூரா என்ற ஊரும் அடுத்த பதிவில்.

வைகைக்கரை எழுதியது:

அருமையாகத் தொடங்கியிருக்கிறீர்கள் அக்கா. எனக்கும் என் மனைவிக்கும் ரொம்ப நாளாக இந்த ஆசை உண்டு, பயம் வண்டி ஓட்டுவதில்தான். வலது பக்கம் ஓட்ட வேண்டும், சந்து பொந்தெல்லாம் குறுகல், கேமரா அபராதம் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். இந்திய உரிமம் செல்லுமா? கொஞ்சம் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

செங்காந்தள் எழுதியது:

@வைகைக்கரை, இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் கட்டாயம் வேண்டும். ஊரில் உரிமம் வாங்கிய ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். வாடகைக் கார் அலுவலகத்தில் சில சமயம் கேட்கவே மாட்டார்கள், ஆனால் வழியில் போலீஸ் கேட்டால் காட்டியாக வேண்டும். கிரெடிட் கார்டு ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்கட்டும், முன்பணத்தை அதில்தான் பிடித்து வைப்பார்கள். எங்களுக்குக் கார் கொடுத்த இடத்தில் நாங்கள் பதிவு செய்ததை விட்டுவிட்டுப் பெரிய கார் எடுத்துக்கொள்ளச் சொல்லி ரொம்ப நேரம் வற்புறுத்தினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சின்னக் கார்தான் வேண்டும் என்று நின்று வாங்கினேன். இத்ரியா பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் கல்லடுக்குச் சுவர், நடுவில் ஒரு வண்டி போகிற அகலம், எதிரே டிராக்டர் வரும். அங்கே பெரிய காரோடு நின்றால் அவ்வளவுதான்.

அபராதம் வருவது பெரும்பாலும் இசட்.டி.எல். என்ற பகுதியால். பழைய ஊர்களின் நடுப்பகுதியில் வெளி வண்டிகள் நுழையக் கூடாது. வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, பக்கத்தில் கேமரா. ‘வார்க்கோ அத்தீவோ’ என்று பலகையில் எரிந்தால் உள்ளே போகக் கூடாத நேரம். பாரி, மத்தேரா, லெச்சே எல்லாவற்றிலும் உண்டு. ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போவதுதான் உத்தமம். நீலக் கோடு என்றால் கட்டணம், வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் கோடு நமக்கில்லை.

ஊர்களுக்கு இடையே ஓட்டுவது சுலபம், நிஜமாகவே சுலபம். பாரியிலிருந்து அல்தமூராவுக்கு எஸ்.எஸ். 96 என்ற சாலை, அங்கிருந்து மத்தேராவுக்கு எஸ்.எஸ். 99, இரண்டுக்கும் சுங்கம் கிடையாது. பாரியிலிருந்து லெச்சே வரை கடலோரமாகப் போகும் நான்கு வழிச் சாலைக்கும் கிடையாது, 150 கிலோமீட்டர்தான். பெட்ரோல் பங்கில் நாமே போட்டுக்கொண்டால் விலை குறைவு. மதியமும் ஞாயிறும் ஆள் இருக்க மாட்டார்கள், இயந்திரத்தில் பணம் கட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

பார்மாவாசி எழுதியது:

செங்காந்தள், நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் பல வருடமாக பார்மாவில் இருக்கிறேன். சாப்பாட்டுக்காக இத்தாலி வருகிறவர்களை நேராகத் தெற்கே அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. பொலோஞ்ஞா, மோதெனா, பார்மா இந்த மூன்றும் ஒரே நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து இருக்கின்றன. காலையில் ஒரு சீஸ் பண்ணைக்குப் போனால் செப்புக் கொப்பரையில் பார்மிஜானோ திரளுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஒரு சக்கரத்துக்கு 500 லிட்டருக்கு மேல் பால், குறைந்தது 12 மாதம் பழுக்க வேண்டும். பிறகு பரிசோதகர் சின்னச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்வார். மோதெனாவில் பாரம்பரிய பால்சாமிக் வினிகர் 12 வருடம் மரப்பீப்பாயில் கிடந்த பிறகுதான் குப்பிக்கு வரும், இன்னும் உயர்ந்தது 25 வருடம். சைவக்காரருக்கும் பார்மாவில் தொர்த்தெல்லி தெர்பெத்தா என்ற பாஸ்தா இருக்கிறது, ரிக்கோத்தா என்ற மிருதுவான சீஸும் கீரையும் உள்ளே வைத்து வெண்ணெயில் மிதக்க விடுவார்கள். முதல் முறை வருகிறவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டுப் போகலாமா?

தயிர்சாதம் எழுதியது:

பார்மாவாசி அண்ணா சொன்ன சீஸ் பற்றித்தான் என் கேள்வி. நான் முட்டையும் சாப்பிட மாட்டேன். சீஸ் திரள வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ஏதோ சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். இத்தாலியில் எல்லாச் சீஸும் அப்படித்தானா? அப்படியென்றால் எங்களைப் போன்றவர்கள் அங்கே என்ன சாப்பிடுவது? பத்து நாளும் வறண்ட ரொட்டிதானா?

செங்காந்தள் எழுதியது:

@தயிர்சாதம், நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். அதற்கு ரென்னெட் என்று பெயர். பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்றின் ரென்னெட்தான் சேர்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, அதனால் அது உங்களுக்கு ஆகாது. ரோமின் பெக்கொரீனோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். மொத்ஸரெல்லா, புர்ராத்தா பெரும்பாலும் அப்படித்தான். ரிக்கோத்தாவை மோர்த் தண்ணீரைக் காய்ச்சி எடுப்பார்கள், தனியாக ரென்னெட் போடுவதில்லை, ஆனால் அந்தத் தண்ணீர் சீஸ் திரட்டியதில் மிஞ்சியது. அதை ஏற்பதா வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சின்னப் பண்ணைகளில் ‘காலியோ வெஜெதாலே’ என்று கேட்டுப் பாருங்கள், தாவர ரென்னெட்டில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் வறண்ட ரொட்டிதான் என்று யாரும் பயப்பட வேண்டாம். இங்கேதான் பார்மாவாசிக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் ஊர்ச் சாப்பாட்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது, அந்த வினிகரும் சீஸும் உலகத்தில் வேறெங்கும் இல்லை. ஆனால் வடக்கே சமையலின் அடித்தளம் முட்டை மாவு, வெண்ணெய், பன்றிக்கொழுப்பு, சீஸ். தெற்கே ரவையும் தண்ணீரும், ஆலிவ் எண்ணெயும், பருப்பும். தயிர்சாதம் மாதிரி ஒருவர் பொலோஞ்ஞாவில் ஒரு நாள் முழுக்கத் தேட வேண்டியதை புல்யாவில் உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிடலாம். ஃபாவே எ சிக்கோரியே என்ற மொச்சைக் கூழும் கீரையும், பாரி ஃபொக்காச்சா ரொட்டி, நெத்திலி இல்லாத ஒரெக்கியெத்தே, அஸ்ஸஸ்ஸீனா, லெச்சேயில் கொண்டைக்கடலையோடு வரும் சீச்செரி எ த்ரியா பாஸ்தா, தக்காளி பிழிந்த ஃப்ரிஸெல்லே என்ற மொறுமொறு ரொட்டி. இவை எதிலும் முட்டையும் இல்லை, வழக்கமாகச் சீஸும் இல்லை.

சரி, அல்தமூராவுக்கு வருகிறேன். பாரியிலிருந்து மத்தேரா போகிற வழியில், மத்தேராவுக்கு 20 கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது. வழிகாட்டிப் புத்தகங்களில் இரண்டு வரிக்கு மேல் இருக்காது. நான் அதற்கு அரை நாள் ஒதுக்கச் சொல்வேன். காரணம் ரொட்டி. டூரம் கோதுமையை இரண்டாவது தடவையும் அரைத்து நைசாக்கிய மஞ்சள் மாவு, புளித்த மாவு, உப்பு, தண்ணீர். விறகு அடுப்பு. மேலோடு பட்டை மாதிரி கெட்டி, உள்ளே மஞ்சள், ஈரம். 2003இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பூர்வீகப் பெயர்ப் பாதுகாப்பு இதற்குக் கிடைத்தது. மேய்ச்சலுக்கு மலைமேல் போகிறவர்கள் கையில் கொண்டுபோன ரொட்டி என்பதால் நாள் கணக்கில் கெடாது. நாங்கள் ஒரு பெரிய ரொட்டி வாங்கிக் காரின் பின் சீட்டில் வைத்தோம், லெச்சே போகும்வரை வண்டிக்குள் அதன் வாசனைதான். தக்காளியும் எண்ணெயும் வாங்கினால் எந்த மரத்தடியிலும் சாப்பாடு தயார்.

ஹொரேஸ் என்ற ரோமானியக் கவிஞர் கிமு முதல் நூற்றாண்டில் ரோமிலிருந்து பிரிந்திசி வரை போன பயணத்தைக் கவிதையாக எழுதியிருக்கிறார். அதில் ஒரு ஊர் வரும். அங்கே தண்ணீரைக் கூடக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், ஆனால் ரொட்டி அவ்வளவு நேர்த்தி, விவரமான வழிப்போக்கன் மேற்கொண்டு போகும்போது தோளில் சுமந்துகொண்டு போவான் என்கிறார். ஊரின் பெயர் தன் செய்யுள் அளவுக்குள் அடங்காது என்று சொல்லி விட்டுவிட்டார். அது எங்கள் ரொட்டிதான் என்கிறார்கள் அல்தமூராக்காரர்கள். எந்த ஊராக இருந்தாலும் சரி, 2000 வருடத்துக்கு முன்னால் இதே பக்கம் பயணம் செய்த ஒருவர், அடுத்த ஊரில் நல்ல ரொட்டி கிடைக்காது என்று மூட்டை கட்டிக்கொண்டு போனதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவர் போன ஆப்பியன் சாலைக்கு 2024இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்திருக்கிறது.

வைகைக்கரை எழுதியது:

நன்றி அக்கா, ஓட்டுவது பற்றி நீங்கள் சொன்ன பிறகு மனைவியிடம் காட்டினேன், அவளுக்கும் தைரியம் வந்துவிட்டது. மத்தேராவில் தங்கினீர்களா, பார்த்துவிட்டுத் திரும்பினால் போதுமா?

செங்காந்தள் எழுதியது:

தங்குங்கள். கட்டாயம் தங்குங்கள். பகலில் வந்து படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள் சாயங்காலம் கிளம்பிய பிறகுதான் அந்த ஊரைப் பார்க்க முடியும்.

சாஸ்ஸி என்று சொல்லும் பழைய ஊர் முழுக்கப் பாறையில் குடைந்த வீடுகள். 1950களின் தொடக்கம் வரை ஒரே குகைக்குள் குடும்பமும் கழுதையும் கோழியும் சேர்ந்து வாழ்ந்தார்கள். தண்ணீர் வசதி கிடையாது, மலேரியா, கைக்குழந்தைகள் இறந்துகொண்டே இருந்தன. இத்தாலிக்கே அவமானம் என்று பேச்சு எழுந்து, 1952இல் சட்டம் போட்டு ஏறத்தாழ 15,000 பேரைப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். ஊர் காலியாகக் கிடந்தது. 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, 2019இல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரமானது. இப்போது அதே குகைகளில் சொகுசு விடுதிகள். அங்கே தூங்கும்போது இந்தக் கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருக்கும், ஓடத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

அருங்காட்சியகமாக வைத்திருக்கும் ஒரு குகை வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். அப்புறம் ரொட்டி முத்திரைகள். வீட்டில் மாவு பிசைந்து ஊர்ப் பொது அடுப்புக்கு அனுப்புவார்கள், யார் ரொட்டி எது என்று தெரிய ஒவ்வொரு குடும்பமும் தன் முதலெழுத்துச் செதுக்கிய மர முத்திரையைக் குத்தி அனுப்பும். கைப்பிடியில் சேவல், ஆள் உருவம் என்று செதுக்கியிருப்பார்கள். எவ்வளவு இல்லாமையிலும் அந்த மரத்துண்டைச் செதுக்கி அழகாக்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

சாப்பாட்டில் பெப்பரோனி குருஸ்கியைத் தவற விடாதீர்கள். செனீசே என்ற ஊரின் நீளமான சிவப்பு மிளகாய். நூலில் கோத்து வெயிலில் காய வைத்து, விதையை உதிர்த்துவிட்டு, காய்ந்த எண்ணெயில் சில நொடி மட்டும் போட்டு எடுப்பார்கள். ஒரு நொடி கூடினால் கசந்துவிடும். ஆறியதும் நொறுங்கும். பாஸ்தாமேல், உருளைக்கிழங்குமேல், வறுத்த ரொட்டித்தூளோடு எல்லாவற்றிலும் நொறுக்கிப் போடுவார்கள். கிரப்பியாத்தா என்று கோதுமையும் பலவகைப் பருப்பும் சேர்த்து வேக வைக்கிற கெட்டிக் கஞ்சியும் அந்த ஊருடையது. ஆகஸ்ட் 1 அன்று அறுவடை முடிந்த கையோடு எல்லா வீட்டு மீதியையும் ஒரே கொப்பரையில் போட்டுச் சமைத்த பழக்கம். குளிர் நாளில் விடுதிகளிலும் கிடைக்கும்.

தயிர்சாதம் எழுதியது:

அந்தக் குருஸ்கி நம் ஊர் மோர் மிளகாய் மாதிரி இருக்குமா?

செங்காந்தள் எழுதியது:

நொறுங்குவது மட்டும்தான் அப்படி. உப்பும் இல்லை, காரமும் இல்லை, லேசான இனிப்பு. இவர் முதலில் பயந்து ஓரத்தைக் கடித்தார், பிறகு ஒரு தட்டு தனியாகக் கேட்டு வாங்கினார்.

யாழ்நிலவன் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து பலெர்மோவில் வளர்ந்தனான். இங்கே எங்கட ஆக்கள் கனபேர் இருக்கினம். நீங்கள் இத்தனை தூரம் வந்து சிசிலிக்கு வராமல் போனது எனக்குச் சரியான கவலை. சைவக்காரருக்கு இங்கே பனெல்லே இருக்கு, கடலை மாவைக் காய்ச்சி, ஆற விட்டு, மெல்லிசாக வெட்டிப் பொரித்து பாணுக்குள் வைத்துத் தருவினம், மேலே கொஞ்சம் எலுமிச்சம்புளி. வீதிக் கடையில் நின்றபடி சாப்பிடுகிறதுதான் ருசி. பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொஸாலியா குகைக் கோயிலுக்கு எங்கட சனம், இந்துக்களும் சேர்த்து, நேர்த்தி வைத்து ஏறுகிறது இங்கே எல்லாருக்கும் தெரியும். காரில் வாறதென்றால் சலெர்னோவில் இருந்து வில்லா சான் ஜொவான்னி வரைக்கும் ஏ2 நெடுஞ்சாலைக்குச் சுங்கம் இல்லை, அங்கிருந்து காரோடு கப்பலில் ஏறி மெஸ்ஸீனாவில் இறங்கலாம். பெண் பிள்ளை ஒருத்தி ஓட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் திரிந்தது கேட்கவே பெருமையாக இருக்கு.

செங்காந்தள் எழுதியது:

யாழ்நிலவன் தம்பி, நன்றி. சிசிலியைப் புல்யாவோடு சேர்த்து ஒரே மூச்சில் ஓட்டினால் இரண்டுக்கும் நியாயம் செய்ய முடியாது என்றுதான் விட்டோம். பனெல்லேவுக்காகவே தனியாக வர வேண்டும். அந்தக் குகைக் கோயில் பற்றி நீங்களே தனியாக எழுதுங்கள், நிறையப் பேர் படிப்பார்கள்.

இப்போது நான் எழுத நினைத்த சாப்பாட்டுக்கு வருகிறேன். மத்தேராவிலிருந்து அல்பெரொபெல்லோ வழியாக இத்ரியா பள்ளத்தாக்குக்குள் வந்தோம். அல்பெரொபெல்லோவின் கூம்புக் கூரை வீடுகள், த்ருல்லி, சுண்ணாம்புச் சாந்தே இல்லாமல் கல்லைக் கல்மேல் அடுக்கிக் கட்டியவை. வரி கேட்டு அரசரின் ஆள் வந்தால் கூரையைச் சீக்கிரம் பிரித்துவிடலாம் என்பதற்காகவே ஊர்ப் பிரபு அப்படிக் கட்டச் சொன்னதாகச் சொல்வார்கள். அழகுதான், ஆனால் கூட்டம். காலை சீக்கிரம் பார்த்துவிட்டு லொக்கொரொத்தோந்தோ, சிஸ்தெர்னீனோ பக்கம் போய்விடுங்கள்.

ஒஸ்தூனிக்கு முன்னால் ஒரு மஸ்ஸெரியாவில், அதாவது பழைய கோட்டை மாதிரி மதில் வைத்த பண்ணை வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மதியம். பட்டியல் எதுவும் கொடுக்கவில்லை. இவர் இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டார் என்று மட்டும் கேட்டுக்கொண்டு உள்ளே போனார் அந்த அம்மா. பிறகு தட்டுகள் வர ஆரம்பித்தன. வெயிலில் காய்ந்த தக்காளி, எண்ணெயில் ஊறிய கத்தரிக்காய், வறுத்த சீமைப் பூசணி, சுடச்சுட ரிக்கோத்தா, லம்பஷோனி என்ற காட்டுக் கிழங்கு, வெங்காயத்தைவிடச் சின்னது, மேலே கீறிப் பொரித்திருந்தார்கள், இதழ் இதழாக விரிந்து நல்ல கசப்பு. மேஜை நிறைந்ததும் சாப்பாடு முடிந்தது என்று நினைக்காதீர்கள், அது முன்னோட்டம்தான்.

அப்புறம் ஃபாவே எ சிக்கோரியே வந்தது. தோல் நீக்கிக் காய வைத்த பெரிய மொச்சையை மண்பானையில் மணிக்கணக்காக வேக வைத்து, மரக்கரண்டியால் அடித்தே கூழாக்கியது. பக்கத்தில் வெந்த காட்டுச் சிக்கோரிக் கீரை. வேறு ஒன்றும் இல்லை. அந்த அம்மா வந்து தகரக் குவளையிலிருந்து எண்ணெயைச் சுற்றி ஊற்றினார், தாராளமாக. பச்சை எண்ணெய், அந்தப் பண்ணையிலேயே நவம்பரில் ஆட்டியது. தொண்டையில் மிளகு போல ஒரு காரல். மொச்சை இனிக்கிறது, கீரை கசக்கிறது, எண்ணெய் தொண்டையைப் பிடிக்கிறது, ஒரு கரண்டியில் மூன்றும். மீன் சாப்பிடுகிற நான், பாரி துறைமுகத்தில் கல்லில் அடித்து மிருதுவாக்கிய பச்சை ஆக்டோபஸ் வரைக்கும் சாப்பிட்ட நான், இந்தப் பயணத்தில் எது முதல் என்று கேட்டால் இந்த மொச்சைக் கூழைத்தான் சொல்வேன். பக்கத்து மேஜையில் பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரு குடும்பம். நாங்கள் போனபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், கிளம்பும்போதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் பங்குக்கு இறைச்சி சிஸ்தெர்னீனோவில். அங்கே இறைச்சிக் கடையிலேயே விறகு அடுப்பு இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் நீங்கள் காட்டியதை எடை போட்டு அப்போதே சுட்டுத் தருவார்கள். பொம்பெத்தே கேளுங்கள், பன்றிக் கழுத்து இறைச்சிக்குள் சீஸ் வைத்துச் சுருட்டியது. இவருக்குச் சுட்ட காய்கறியும் கச்சொகவல்லோ சீஸும் கிடைத்தது.

மலைக்கோட்டை எழுதியது:

மருத்துவன் என்ற முறையில் ஒரு வரி மட்டும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் ஃபாவா மொச்சையைத் தொடவே கூடாது, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துவிடும். குடும்பத்தில் யாருக்காவது உண்டென்றால் போகும் முன் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பயமில்லாமல் சாப்பிடலாம்.

பார்மாவாசி எழுதியது:

அந்த மொச்சைக் கூழ் பற்றிப் படித்த பிறகு, சைவக்காரருக்குத் தெற்குதான் வசதி என்பதை ஒத்துக்கொள்கிறேன். முட்டை, சீஸ் சாப்பிடுகிறவர்கள் வடக்கை விட்டுவிட வேண்டாம், அதை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன். லெச்சே பக்கம் ஆலிவ் மரங்கள் எல்லாம் போய்விட்டன என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். நேரில் எப்படி இருக்கிறது?

செங்காந்தள் எழுதியது:

மனதைப் பிசைகிறது. ஒஸ்தூனியிலிருந்து ஃபஸானோ வரை சமவெளியில் நிற்கும் மரங்கள் பல நூறு வருடப் பழையவை, முறுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றின் அடிமரமும் இரண்டு பேர் கைகோத்தாலும் சுற்றி வராத பருமன். அங்கிருந்து பிரிந்திசியைத் தாண்டித் தெற்கே ஓட்ட ஓட்ட நிறம் மாறுகிறது. பச்சை போய்ச் சாம்பல். சாலையின் இரண்டு பக்கமும், கண்ணுக்கு எட்டிய தூரம், இலையே இல்லாத மரங்கள். ஸைலெல்லா என்ற பாக்டீரியா. 2013இல் கல்லிப்போலி பக்கத்தில் கண்டுபிடித்தார்கள். சாறு உறிஞ்சும் ஒரு சின்னப் பூச்சி மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது, மரத்துக்குள் தண்ணீர் ஏறும் குழாயை அடைத்துவிடுகிறது, மரம் நின்றபடியே காய்கிறது. லட்சக்கணக்கான மரங்கள் போய்விட்டன. நோயைத் தாங்கக்கூடிய லெச்சீனோ, ஃபவொலோஸா என்ற இரண்டு வகைக் கன்றுகளை நடுகிறார்கள், சில வயல்களில் பட்ட மரத்துக்குப் பக்கத்திலேயே இடுப்பளவுக் கன்றுகள் நிற்கின்றன.

அதனால்தான் சொல்கிறேன், எண்ணெயை விமான நிலையக் கடையில் வாங்காதீர்கள். பண்ணையிலோ ஊர்ச் செக்கிலோ வாங்குங்கள், அந்தப் பணம் அவர்களுக்குப் போகட்டும். பெட்டியில் வைத்து அனுப்பும் சாமானோடு தகர டின்னாக எடுத்து வரலாம், உடையாது.

லெச்சேயில் காலைப் பலகாரம் பஸ்திச்சொத்தோ, உள்ளே கஸ்டர்டு வைத்துச் சுட்டது, சூடாகச் சாப்பிட வேண்டும். தயிர்சாதம், கவனம்: மேல் மாவில் மரபாகப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், உள்ளே முட்டையும் உண்டு. உங்களுக்குக் காப்பிதான். ஐஸ் கட்டிமேல் எஸ்பிரெஸ்ஸோவை ஊற்றி பாதாம் பால் பாகு சேர்ப்பார்கள், அதில் எதுவும் தடையில்லை. பாரில் நின்று குடித்தால் உட்கார்ந்து குடிப்பதைவிட மலிவு.

தயிர்சாதம் எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா. கடைசியாக ஒன்று, எந்த மாதம் போவது? எங்களுக்கு மே அல்லது நவம்பரில்தான் விடுப்பு கிடைக்கும்.

செங்காந்தள் எழுதியது:

நவம்பர். ராப்பாக் கீரை அப்போது வந்துவிடும், செக்குகள் ஓடிக்கொண்டிருக்கும், அன்றைக்கு ஆட்டிய எண்ணெயை ரொட்டியில் ஊற்றித் தருவார்கள். மழை இருக்கும், சீக்கிரம் இருட்டிவிடும், அதனால் கல்லடுக்குச் சுவர்ச் சந்துகளை வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டி முடித்துவிடுங்கள். கடலோர ஊர்களில் சில உணவகங்கள் மூடியிருக்கும், மத்தேராவிலும் பாரியிலும் லெச்சேயிலும் அந்தப் பிரச்சினை இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரைக்குள் போய் உட்காருங்கள், மூன்று மணிக்குள் அடுப்பை அணைத்துவிடுவார்கள், இரவு எட்டுக்கு முன்னால் திறக்க மாட்டார்கள். ஞாயிறு மதியம் மஸ்ஸெரியா என்றால் முன்கூட்டியே போன் செய்து இடம் சொல்லி வையுங்கள். அப்போதே ‘சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே, சென்ஸா வோவா, சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ’ என்று சொல்லிவிட்டால், இறைச்சி, மீன், முட்டை, சீஸ் எதுவும் இல்லாமல் உங்களுக்கு என்ன சமைப்பது என்று அவர்களே யோசித்து வைத்திருப்பார்கள்.